அங்கே 7 மணி என்றால் இங்கே எத்தனை மணி?

ஒரு இணைய வகுப்பில் சேர்ந்திருந்தேன். "வியாழன் மாலை 7 மணி, இஎஸ்டி" என்று அறிவிப்பு வந்தது. அதை அப்படியே தேடல் பெட்டியில் போட்டேன், வந்த விடையைக் குறித்துக்கொண்டேன், சரியாக அந்த நேரத்துக்குப் போய் உட்கார்ந்தேன். உள்ளே நுழைந்தபோது எல்லோரும் நன்றி சொல்லி விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேர வகுப்பு முழுவதும் போயிருந்தது.

தேடுபொறி தப்பாகக் கணக்குப் போடவில்லை. அறிவிப்பை எழுதியவர் நினைத்தது நியூயார்க் நேரத்தை. அவர் எழுதிய இஎஸ்டி என்ற மூன்றெழுத்துக்கோ வேறு அர்த்தம், அது அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் குளிர்கால நேரம். வகுப்பு நடந்தது ஜூன் மாதம். ஜூனில் நியூயார்க்கில் இஎஸ்டி என்ற நேரமே நடப்பில் இல்லை, கோடைக்காகக் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்த இடிடி என்ற நேரம்தான் இருக்கும். இரண்டுக்கும் இடையே சரியாக ஒரு மணி நேரம்.

நேரத்தை மாற்றித் தரும் கருவிகளைப் பயன்படுத்துவது மிகவும் எளிது. தடுக்கி விழுவதெல்லாம் நாம் அதனிடம் கேட்கும் விதத்தில்தான். அதைப் புரிந்துகொள்ள, கடிகாரங்கள் ஏன் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அப்படியென்றால் ஒரு மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே இருக்கிறவர்களுக்குச் சூரியன் முன்னதாக உச்சிக்கு வந்துவிடும். பழைய காலத்தில் ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும்போது நண்பகல் என்று வைத்துக்கொண்டது. யாருக்கும் அதனால் தொல்லை இல்லை, ரயில் வரும் வரை. ஒவ்வொரு நிலையத்திலும் வெவ்வேறு கடிகாரம் ஓடினால் கால அட்டவணையை எப்படி அச்சடிப்பது? இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840 நவம்பரில் தன் பாதை முழுவதற்கும் லண்டன் நேரத்தை வைத்தது. 1883 நவம்பர் 18 அன்று அமெரிக்க, கனடா ரயில் நிறுவனங்கள் கண்டத்தைச் சில மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டன. அடுத்த ஆண்டு வாஷிங்டனில் கூடிய மாநாட்டில், கிரீன்விச் வழியாகப் போகும் தீர்க்கரேகையை 0 பாகை என்று வைக்க முடிவானது.

இன்று உலகம் அளவுகோலாக வைத்திருப்பது யூடிசி என்ற நேரம். தமிழில் ஒருங்கிணைந்த உலக நேரம் என்கிறோம். அணுக் கடிகாரங்களைக் கொண்டு கணிக்கப்படுவது. நடைமுறையில் இதை கிரீன்விச் நேரம், அதாவது ஜிஎம்டி என்று நினைத்துக்கொண்டாலும் பெரிய தவறில்லை. ஒவ்வொரு இடத்தின் நேரத்தையும் யூடிசியிலிருந்து எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு கழிக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். டோக்கியோ +9. சிங்கப்பூர் +8. நைரோபி +3. நியூயார்க் குளிர்காலத்தில் −5. கூட்டல் குறி என்றால் யூடிசியை விட முன்னால் இருக்கிறது, கழித்தல் குறி என்றால் பின்னால்.

எல்லாம் முழு மணியாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இந்தியாவின் நேரம் +5:30. இந்த அரை மணி எங்கிருந்து வந்தது? இந்தியா தன் நேரத்துக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது கிழக்கே 82.5 பாகை தீர்க்கரேகையை. அதை 15 ஆல் வகுத்துப் பாருங்கள், 5.5 வரும். பக்கத்து நேபாளம் 86.25 பாகையை எடுத்துக்கொண்டது. வகுத்தால் 5.75, அதாவது +5:45. எல்லையைத் தாண்டினால் கடிகாரத்தைக் கால் மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். நியூசிலாந்தின் சாதம் தீவுகள் இன்னும் வேடிக்கை, +12:45. மறுபக்கம் சீனா. அத்தனை அகலமான நாட்டுக்கும் ஒரே நேரம், +8. அதனால் வடமேற்கில் இருக்கும் உரும்சி நகரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் பிற்பகல் 2 மணியைத் தாண்டியிருக்கும். ஆக, வரைபடத்தைப் பார்த்துத் தீர்க்கரேகையை வைத்து நேரத்தை ஊகிக்க முடியாது. நேரத்தை முடிவு செய்வது அரசுகள். சூரியன் ஒரு யோசனை மட்டுமே சொல்கிறது.

இலங்கையைப் பாருங்கள். 1996 மே மாதத்தில் +5:30 இலிருந்து +6:30 க்குப் போனது, அதே ஆண்டு அக்டோபரில் +6 ஆனது, 2006 இல் திரும்ப +5:30 க்கே வந்தது. இத்தனைக்கும் அந்தத் தீவு ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

தேடல் பெட்டியில் என்ன எழுதுவது

சும்மா ஓர் ஊரில் இப்போது மணி என்ன என்று தெரிந்தால் போதும் என்றால், ஆங்கில எழுத்தில் "டைம் இன் நைரோபி" என்று கூகுளிலோ பிங்கிலோ தட்டினால் போதும். பக்கங்களின் பட்டியலுக்கு மேலேயே பெரிய எழுத்தில் விடை வந்துவிடும். மணியை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள், கீழே சின்னதாகக் கிழமையும் தேதியும் இருக்கும். பாதிக் குழப்பம் அங்கேதான்.

குறிப்பிட்ட ஒரு நேரத்தை மாற்ற வேண்டும் என்றால் "3 பிஎம் டோக்கியோ டைம் இன் பாரிஸ்" என்ற மாதிரி எழுதலாம். முதலில் நேரம், அப்புறம் அது எந்த ஊர் நேரம், கடைசியில் எந்த ஊர் நேரமாக மாற வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் சொற்களின் வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் தேடுபொறி புரிந்துகொள்ளும். சேர வேண்டிய ஊரை விட்டுவிட்டால் "நீங்கள் இருக்கும் இடம்" என்று அதுவே எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தை உங்கள் சாதனத்தின் இருப்பிடத்தையோ இணைய இணைப்பையோ வைத்து ஊகிக்கிறது. விபிஎன் (இணைய இணைப்பை வேறு ஊர் வழியாகத் திருப்பிவிடும் வசதி) போட்டிருந்தால், அந்த இணைப்பு வெளியே வரும் நாட்டில் நீங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளக்கூடும். எனவே சொந்த ஊராகவே இருந்தாலும் பெயரை எழுதிவிடுவது நல்லது. எனக்கு இதில் சோம்பல் உண்டு, அதன் பலனையும் அனுபவித்திருக்கிறேன்.

இப்போது அந்த மூன்றெழுத்து விவகாரத்துக்கு வருவோம்.

இஎஸ்டி, ஐஎஸ்டி, சிஎஸ்டி, பிஎஸ்டி என்று நேர மண்டலங்களுக்குச் சுருக்கப் பெயர்கள் உண்டு. பார்ப்பதற்குத் துல்லியமாகத் தெரியும். உண்மையில் இவ்வளவு தெளிவற்ற எழுத்துகள் வேறு இல்லை. ஐஎஸ்டி என்றால் இந்தியாவில் இருப்பவருக்கு +5:30. அயர்லாந்தில் இருப்பவருக்குக் கோடைகால நேரம், +1. இஸ்ரேலில் இருப்பவருக்கு +2. சிஎஸ்டி என்பது சிகாகோவுக்கு −6, ஷாங்காய்க்கு +8. பதினான்கு மணி நேர வேறுபாடு, ஒரே மூன்றெழுத்துக்குள். இவற்றை ஊருக்கு ஊர் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க உலகப் பதிவேடு எதுவும் நடைமுறையில் இல்லை. தேடுபொறி தனக்குத் தோன்றியதில் ஒன்றை எடுத்துக்கொள்ளும், அல்லது எது அதிகம் கேட்கப்படுகிறதோ அதை.

ஊர்ப் பெயரில் இந்தச் சங்கடம் இல்லை. "நியூயார்க்" என்றால் ஜனவரியானாலும் ஜூலையானாலும் அந்த ஊரில் அப்போது எந்த நேரமோ அதுதான். கருவிகளின் உள்ளேயும் இதே முறைதான் என்பது எனக்குப் பிடித்த செய்தி. உலகத்தின் நேர விதிகள் அனைத்தையும் திரட்டி வைத்திருக்கும் ஒரு பொதுத் தரவுத்தொகுப்பு இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கியது, பல ஆண்டுகளாகப் பால் எகர்ட் பராமரித்து வருகிறார். பெரும்பாலான செல்பேசிகளும் பல கணினிகளும் இணையதளங்களும் கடைசியில் போய் நிற்பது அதன் முன்னால்தான். அதில் மண்டலங்களுக்கு "ஆசியா/கொல்கத்தா", "ஐரோப்பா/லண்டன்", "அமெரிக்கா/நியூயார்க்" என்று கண்டமும் நகரமுமாகப் பெயர். நாட்டின் எல்லை மாறலாம், நாட்டுக்குள் விதி மாறலாம். நகரம் இருந்த இடத்திலேயே இருக்கும். எனவே ஊரைச் சொல்லிக் கேட்டால் கருவி புரிந்துகொள்ளும் மொழியிலேயே கேட்கிறீர்கள்.

ஒரு மணி நேரத்தைத் திருடிக்கொண்டு போகும் மாதங்கள்

கோடை நேரம் என்பது வெயில் காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் வழக்கம். மாலையில் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது கணக்கு. முதல் உலகப் போரின்போது, 1916 இல் ஜெர்மனி நாடு முழுவதும் கொண்டுவந்தது, மற்ற நாடுகள் பின்தொடர்ந்தன. பூமத்திய ரேகைக்கு அருகில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை என்பதால் அங்கே இதற்குத் தேவையே இல்லை. இந்தியா, சிங்கப்பூர், ஜப்பான், சீனா போன்ற நாடுகளில் இப்போது இது கிடையாது. பழக்கமில்லாத நமக்கு இது நினைவிலேயே இருக்காது என்பதுதான் தொல்லை.

வழக்கம் இருக்கிற நாடுகளுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. அமெரிக்காவில் 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. 2025 இல் அமெரிக்கா மார்ச் 9 அன்று மாறியது, ஐரோப்பா 30 அன்றுதான். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி நேர வேறுபாடு என்று மனப்பாடமாக வைத்திருந்தவர்களுக்கு அந்த மூன்று வாரம் மட்டும் அது 4. அக்டோபர் கடைசியில் மறுபடியும் ஒரு வாரம் 4.

தென் அரைக்கோளத்தைச் சேர்த்தால் இன்னும் சுவாரசியம். சிட்னியில் கோடை என்பது நமது ஆண்டுக் கடைசி. அங்கே அக்டோபர் முதல் ஞாயிறு முன்னே தள்ளி, ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். லண்டன் இறங்கும்போது சிட்னி ஏறும். ஜூலையில் இரண்டு ஊருக்கும் 9 மணி நேர வேறுபாடு, ஜனவரியில் 11, இடையில் சில வாரங்கள் 10. இதை நினைவில் வைத்துக்கொள்ள முயன்று பார்த்திருக்கிறேன், வேண்டாத வேலை. அதே ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. அமெரிக்காவில் அரிசோனாவின் பெரும்பகுதியும் ஹவாயும் அப்படித்தான். நாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டால் விடை தப்பலாம். அதற்கும் சேர்த்துத்தான் ஊர்ப் பெயர்.

இங்கேதான் தேடல் பெட்டியின் பெரிய பலவீனம் வருகிறது. தேதி சொல்லாமல் கேட்டால் அது பொதுவாக இன்றைய விதிப்படிதான் கணக்குப் போடும். பிப்ரவரி கடைசியில் உட்கார்ந்துகொண்டு, "நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் சிங்கப்பூரில் என்ன" என்று கேட்கிறீர்கள். இரவு 11 மணி என்று வருகிறது. குறித்துக்கொள்கிறீர்கள். கூட்டமோ மார்ச் 20. அதற்குள் நியூயார்க் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போயிருக்கும், கூட்டம் சிங்கப்பூரில் இரவு 10 மணிக்கே தொடங்கிவிடும். கேட்ட அன்றைக்கு விடை சரி. தேவைப்பட்ட அன்றைக்குத் தப்பு.

அதனால் இரண்டு வாரத்துக்கு அப்பால் உள்ள எதற்கும் தேதியைக் கேட்டு வாங்கும் கருவியிடம் போவதே என் பழக்கம். டைம் அண்ட் டேட் என்ற நார்வே நாட்டுத் தளத்தில் நேரம், ஊர், தேதி மூன்றையும் தேர்ந்தெடுக்கலாம். அதிலேயே கூட்டம் திட்டமிடும் பக்கம் ஒன்று உண்டு. நான்கைந்து ஊர்களைக் கொடுத்தால் எந்த மணி எல்லோருக்கும் விழித்திருக்கும் நேரம் என்று நிறம் போட்டுக் காட்டும். வேர்ல்ட் டைம் பட்டி (World Time Buddy) என்ற தளத்தில் ஊர்கள் வரிசை வரிசையாக இருக்கும், மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் பார்த்தால் போதும். வோல்ஃப்ரம் ஆல்ஃபா என்ற கேள்வி-பதில் தளத்தில் தேதியோடு சேர்த்து முழு வாக்கியமாகவே கேட்கலாம்.

எந்தக் கருவியும் அரசுகளின் திடீர் முடிவை முன்கூட்டியே அறியாது. 2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடை நேரத்தைத் தள்ளிப்போடுவதாகக் கடைசி நாட்களில் அறிவித்தது. நாட்டில் பலர் அதை ஏற்கவில்லை. சில நாட்களுக்கு ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது, பிறகு அரசே முடிவை மாற்றிக்கொண்டது. மொராக்கோவில் ஆண்டு முழுவதும் +1, ரமலான் மாதத்தில் மட்டும் ஒரு மணி நேரம் குறைத்துவிடுவார்கள். சந்திர நாட்காட்டியைப் பின்பற்றுவதால் அது ஒவ்வோர் ஆண்டும் வேறு தேதியில் வரும்.

கையால் ஒரு முறை

ஒரே ஒரு முறை கையால் செய்து பாருங்கள். அப்புறம் கருவி உளறினால் மூக்கு வியர்த்துவிடும். வழி இதுதான்: எந்த நேரமானாலும் முதலில் யூடிசிக்குக் கொண்டுவாருங்கள், அங்கிருந்து வேண்டிய ஊருக்குப் போங்கள்.

காத்மாண்டுவில் திங்கள் காலை 8 மணி. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள செயின்ட் ஜான்ஸில் என்ன நேரம்? ஜனவரி என்று வைத்துக்கொள்வோம். காத்மாண்டு +5:45, எனவே 8:00 இலிருந்து 5:45 ஐக் கழித்தால் யூடிசி 2:15. செயின்ட் ஜான்ஸ் −3:30. 2:15 இலிருந்து 3:30 ஐக் கழிக்க வேண்டும், பற்றவில்லை. 24 மணி நேரத்தைக் கடன் வாங்கினால் 26:15, கழித்தால் 22:45. அதாவது இரவு 10:45. கடன் வாங்கியதால் கிழமை ஒன்று பின்னே போகும், ஞாயிறு. விடை 24 ஐத் தாண்டினால் இதற்கு நேர்மாறு, 24 ஐக் கழித்துக் கிழமையை ஒன்று முன்னே தள்ளுங்கள்.

இந்தக் கிழமை விஷயம் பசிபிக் பக்கம் போனால் உச்சத்துக்குப் போய்விடும். கிரிபாட்டியின் கிரித்திமத்தி தீவும் ஹவாயும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் கடிகார முள் ஒரே எண்ணில் நிற்கும். ஆனால் ஹவாய் −10, கிரித்திமத்தி +14. ஹவாயில் ஞாயிறு என்றால் கிரித்திமத்தியில் திங்கள். சமோவா 2011 இல் தேதிக் கோட்டின், அதாவது ஒரு தேதியும் அடுத்த தேதியும் பிரியும் கற்பனைக் கோட்டின், மறுபக்கம் தாவியபோது டிசம்பர் 30 என்ற நாளே அங்கே வரவில்லை. வியாழன் இரவு தூங்கி எழுந்தால் சனிக்கிழமை.

நேரத்தைப் பிறருக்கு எழுதி அனுப்பும் இடத்தில் நீங்கள் இருந்தால், "19:00, நியூயார்க் நேரம், யூடிசி −4, ஜூன் 12 வியாழன்" என்று எழுதிவிடுங்கள். நீளம்தான், ஆனால் யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். 12 மணியை மட்டும் எழுதவே எழுதாதீர்கள். "வெள்ளி நள்ளிரவு 12" என்றால் வெள்ளி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? 11:59 என்று போட்டால் சண்டை தீர்ந்தது. ஆய்வு மாநாடுகளுக்குக் கட்டுரை அனுப்புகிறவர்கள் "எனிவேர் ஆன் எர்த்" என்ற கெடுவைப் பார்த்திருப்பார்கள். பூமியில் ஏதாவது ஓர் இடத்தில் அந்தத் தேதி இன்னும் முடியாமல் இருந்தால் கெடுவும் முடியவில்லை என்று பொருள். கணக்குக்கு −12 ஐ எடுத்துக்கொள்வார்கள். அங்கே இரவு 11:59 என்றால் யூடிசியில் மறுநாள் காலை 11:59, +5:30 இடங்களில் மறுநாள் மாலை 5:29. கடைசி நேரத்தில் எழுதுகிறவர்களுக்குக் கிடைத்த வரம்.

கருவிகளே திணறும் ஒரு மணி நேரமும் உண்டு. நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு நியூயார்க் கடிகாரங்கள் 1 மணிக்குத் திரும்புகின்றன. அன்று 1:30 என்பது இரண்டு முறை வரும், முதலாவது யூடிசி 5:30, இரண்டாவது 6:30. மார்ச்சில் மாறும் அன்று 2:30 என்ற நேரமே வராது. இப்படி ஒரு நேரத்தைக் கொடுத்து மாற்றச் சொன்னால், இல்லாத மணியைச் சில கருவிகள் சத்தமில்லாமல் நகர்த்திவிடும், இரட்டை மணியில் ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளும். யாராவது அந்த ஞாயிறு அதிகாலைக்கு உங்களை அழைத்திருந்தால் யூடிசியில் எத்தனை மணி என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.